எலி செத்துச்சா என்று அம்மா கேட்ட ஞாயிற்றுக்கிழமைகள்

1

ஊரை விட்டு வந்து மூன்று வருடம் நிறைந்த அன்று எனக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. இரண்டும் என் அப்பா பெயருக்கு.

தபால்காரர் மேல் தவறில்லை. என் பெயர் ஏழுமலை. அப்பா பெயர் முனுசாமி. நம் பக்கத்தில் மு. ஏழுமலை என்று எழுதினால் போதும், அந்த ஒற்றை எழுத்துக்குள் அப்பா அடங்கி உட்கார்ந்துகொள்வார். ஜெர்மனியில் அது நடக்கவில்லை. குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள். அதை நிரப்பாமல் நூலக அட்டைகூடத் தரமாட்டார்கள். வேறு வழியில்லாமல் அதில் அப்பாவை எழுதினேன். அத்தோடு ஏழுமலை காணாமல் போனான். வங்கி அட்டையில் முனுசாமி. ஆய்வகக் கதவில் முனுசாமி. குளிர்பெட்டிக்குள் என் கண்ணாடிக் குழாய்களின் மேல் ஒட்டிய சீட்டிலும் முனுசாமி. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத மனிதர், கரும்புச் சோகை கிழித்த கையோடு, இங்கே முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். அவருக்குச் சொன்னால், "எம் பேர்ல எவன்டா கடுதாசி போடறான், இன்னா வில்லங்கம்" என்றுதான் கேட்பார்.

வில்லங்கம்தான். முதல் கடிதம் அயல்நாட்டார் அலுவலகத்திலிருந்து. திரு முனுசாமியின் தங்கும் அனுமதி ஆறு வாரத்தில் முடிகிறது, வேலை ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்ட கடிதத்தோடு நேரில் வரவும். இரண்டாவது கடிதம் என் ஆய்வகம் இருக்கும் நிறுவனத்திலிருந்து. திரு முனுசாமியின் ஒப்பந்தத்தை நீட்டிப்பது அவருடைய ஆய்வு முடிவுகளைப் பார்த்த பிறகே. கீழே என் பேராசிரியை கையெழுத்து.

அந்த முடிவு வர வேண்டுமானால் என் செல்கள் சாக வேண்டும். அவை சாக மறுத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

2

என்ன வேலை பார்க்கிறாய் என்று ஊரில் பலர் கேட்டிருக்கிறீர்கள். இந்த முறை தப்பிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நம் இரத்தத்தில் ஒரு வகை வெள்ளணுக்கள் ஓயாமல் ரோந்து சுற்றுகின்றன. கிருமி புகுந்த செல்லையோ புற்றாக மாறிய செல்லையோ கண்டால் பக்கத்தில் போய் ஒட்டி நிற்கும். அதன் சவ்வில் ஓட்டை போடும். ஓட்டை வழியாக உள்ளே ஒரு நொதியை அனுப்பும். அதற்குப் பெயர் கிரான்சைம். கத்தரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கண்டதையெல்லாம் வெட்டாது. குறிப்பிட்ட புரதத்தில், குறிப்பிட்ட இடத்தில், ஒரே வெட்டு. அந்த வெட்டு விழுந்ததும் செல் தன்னைத் தானே கலைத்துக்கொள்ளத் தொடங்கும். சுருங்கும், கொப்புளம் கொப்புளமாகப் பொங்கும், துண்டு துண்டாகப் பிரியும். வேறிடம் போகிறவன் கூரையைப் பிரித்து, கழியை உருவி, கட்டி வைத்துவிட்டுப் போவதுபோல ஒழுங்கான சாவு. அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு கிடையாது.

எனக்கு அடுத்த மேசையில் ரோஹித். டெல்லிக்காரன். அவனுக்கு மனிதனின் கத்தரியைக் கொடுத்தார்கள், எனக்கு எலியின் கத்தரியை. அதை எந்தச் செல்லுக்குள் விட வேண்டும் என்றால், இருவருக்கும் ஒரே மனிதப் புற்றுச் செல்கள்தான்.

"எலியுடையதும் மனிதனுடையதும் ஒன்றுதான். எலியுடையதைத் தயாரிப்பது சுலபம்" என்றார் பேராசிரியை.

நம்பினேன். படித்த குடும்பத்தில் பிறக்காதவனுக்கு ஒரு வியாதி உண்டு. பேராசிரியர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், தப்பு என்று ஒன்று இருந்தால் அது என்னிடம்தான் இருக்கும் என்று அவனுக்குத் தோன்றிக்கொண்டே இருக்கும்.

ரோஹித்தின் செல்கள் நாலு மணி நேரத்தில் பொட்டலம் கட்டின. என் செல்களை மறுநாள் காலை நுண்ணோக்கியில் பார்த்தால் உண்டு உறங்கி எழுந்த புதுமாப்பிள்ளைகள் மாதிரி பளபளவென்று இருந்தன. ஓட்டை போடும் புரதத்தை மாற்றிப் பார்த்தேன். கத்தரியைப் புதிதாகத் தயாரித்தேன். அளவைக் கூட்டினேன். ஒன்றிரண்டு மட்டும் மரியாதைக்குச் செத்தன.

ரோஹித் நல்லவன். இந்த ஊரில் டிராமில் டிக்கெட்டில் முத்திரை குத்தக் கற்றுக்கொடுத்தவனே அவன்தான். பருப்பு சமைத்தால் எனக்கும் ஒரு டப்பா வரும். அவன்தான் ஒருநாள் என் தோளில் கை வைத்து, "மனசைத் தளரவிடாதே. சிலருக்குக் கை வராது. வேறு ஏதாவது வரும்" என்றான்.

ஆறுதலாகத்தான் சொன்னான். நான் கையைக் கழுவிக்கொண்டு போய், கழிப்பறை விளக்கு வெளிச்சத்தில் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

3

ஞாயிறு காலை பத்து மணிக்கு ஊருக்குப் பேசுவேன். அங்கே மத்தியானம் ஒன்றரை. எங்கள் வீட்டில் போன் இல்லாததால், அம்மா பஸ் ஏறி தியாகதுருகம் வந்து ரஹீம் பாய் உரக்கடையில் மூட்டை மேல் உட்கார்ந்திருப்பாள். ஜெர்மனி ரொம்ப தூரம் என்பதால் கத்தித்தான் பேச வேண்டும் என்பது அம்மாவின் கணக்கு. காதில் வைத்துக் கத்துவதைப் பார்த்துப் பொறுக்காமல் பாய் ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்திவிட்டார். அன்றிலிருந்து என் ஆராய்ச்சி முன்னேற்றத்தை யூரியா வாங்க வருகிறவர்கள் எல்லாரும் வாராவாரம் கேட்கிறார்கள்.

"இன்னாப்பா, எலி செத்துச்சா?"

"எலி இல்லம்மா. எலியோட ஒரு சாமான எடுத்து..."

"அதான், எலி. செத்துச்சா இல்லியா?"

"இன்னும் இல்லம்மா."

"ஒரு எலிக்கு மூணு வருசமா? இங்க உங்கப்பா ரெண்டு நாளு கிட்டி வச்சி எட்டு புடிச்சாரு."

பின்னாலிருந்து பாய் குரல் வரும். "தம்பி, நல்லா இருக்கீங்களா? தப்பா நெனச்சிக்காதீங்க. நம்ம கடைக்கி நீல மருந்து ஒண்ணு வந்துருக்குது. சாயங்காலம் வச்சா காலையில க்ளோசு. ரெண்டு பாக்கெட்டு பார்சல் போடட்டுங்களா?"

"யோவ் பாய், அந்த ஊரு எலி நம்ம மருந்துக்கு சாவுமா?" இது முகம் தெரியாத ஒரு வாடிக்கையாளர். "வெண்ணெயா தின்னு வளந்த எலிய்யா அது."

கடையே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

எலி செத்தால்தான் வேலை முடியும் என்று மட்டும் அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தேன். சாகாவிட்டால் என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று சொல்லவில்லை. ஒலிபெருக்கியில் சொல்கிற சேதியா அது. கள்ளக்குறிச்சி வரை போய்விடும்.

"நீ ஒண்ணும் கவலப்படாத. அது சாவணும்னு ஆடிக்கி கூழு ஊத்தறதா வேண்டிக்கினு இருக்கேன்" என்பாள் அம்மா. உலகத்தில் எங்கேயும் ஓர் எலி சாக மாரியம்மனுக்கு இவ்வளவு உருக்கமாக யாரும் வேண்டியிருக்க மாட்டார்கள்.

4

அதே மாதம்தான் டெல்லியில் மருத்துவ மாணவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். மத்திய அரசின் கல்லூரிகளில் பிற்படுத்தப்பட்டவர்களுக்கு இடஒதுக்கீடு கூடாது என்று. ரோஹித்தின் தம்பி அதில் இருந்தான். ரோஹித் வீட்டில் மூன்று தலைமுறையாக டாக்டர்கள். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையில் டாக்டரை நேரில் பார்த்தவர்களே இரண்டு பேர்.

வெளிநாட்டில் இருக்கும் இந்திய மாணவர்கள் சார்பில் ஒரு மனு தயாரானது. தகுதிக்கு ஆபத்து வந்துவிட்டது என்று தொடங்கும். ரோஹித் அச்செடுத்து வந்து என் மேசையில் வைத்தான்.

"படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடு. தமிழ்நாட்டிலிருந்து ஒருவர்கூட இல்லை."

"படித்துவிட்டுத் தருகிறேன்" என்றேன். அதை எடுத்து இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். அப்போது எனக்கு ஒரு புளியமரம் ஞாபகம் வந்தது.

நான் நாலாவது படிக்கும்போது, காலாண்டுத் தேர்வு நேரத்தில், எங்கள் பக்கத்தில் இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்தது. ரோடு ரோடாக மரத்தை வெட்டிச் சாய்த்தார்கள். பஸ் இல்லை, பால் வண்டி இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. எனக்குச் சந்தோஷம். என் சித்தப்பாவும் கோடாலியோடு போனார். ஊரில் வெட்ட எத்தனையோ மரம் இருக்க, அவர் வெட்டியது எங்கள் பஸ் நிறுத்தத்துப் புளியமரத்தை. நாலாம் நாள் அவருக்குக் கடைவாய்ப் பல்லில் வலி வந்தது. கன்னத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, தான் சாய்த்த மரத்தின் மேலேயே ஏறிக் குதித்து, கள்ளக்குறிச்சிக்கு நடந்தே போனார். வழி நெடுகப் பத்துப் பன்னிரண்டு மரம் தாண்டியிருப்பார்.

"எந்த மடையன் இத்தினி மரத்த வெட்டுனான்னு கேட்டுக்கினே போனாராம் உங்க சித்தப்பன்" என்று அம்மா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

திரும்பி வந்த சித்தப்பா, வீங்கிய கன்னத்தோடு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார். "டேய், அந்த மரம் உனுக்குத்தான்டா வெட்டுனது. நாளைக்கி காலேசுக்குப் போவ இல்ல, அப்ப நெனச்சிக்க."

அந்த மறியலுக்குப் போன சிலர் வீடு திரும்பவேயில்லை. அவர்களைப் பற்றிக் கிண்டலாக எழுத எனக்கு வராது. பிற்பாடு ஒதுக்கீடு வந்தது. அதில் ஓர் இடத்தில்தான் நான் கல்லூரிக்குள் நுழைந்தேன். எங்கள் பஸ் நிறுத்தத்தில் அப்புறம் மரம் வளரவில்லை. ஞாயிறு மத்தியானம் அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பது அந்த வெயிலில்தான்.

அதனால்தான் ரோஹித்தின் "கை வராது" எனக்கு அவன் நினைத்ததைவிட ஆழமாக இறங்கியது. என் கை தோற்றால் கை மட்டும் தோற்காது. மரம் வெட்டிய சித்தப்பாவும் சேர்ந்து தோற்பார் என்று நினைத்துக்கொண்டேன். மனுவில் எழுதியிருந்ததற்கு நானே நடமாடும் சாட்சியாகிவிடுவேனோ என்றும் பயந்தேன்.

கெடு கொஞ்சம் தள்ளிக் கிடைக்குமா என்று கேட்க அயல்நாட்டார் அலுவலகத்துக்குப் போனேன். எல்லாச் சொல்லுக்கும் ஒரு 'ங்க' போட்டுப் பழகிய வாய் இது. ஜெர்மன் மொழியில் 'ங்க' எங்கே போடுவது என்று பதற்றத்தில் மறந்துவிட்டது. அந்த அதிகாரி அம்மாளை, என் அம்மா வயது இருக்கும், நீ என்று கூப்பிட்டுவிட்டேன். "நீ எனக்கு நாள் கொடு" என்று அவர் காதில் விழுந்திருக்கும். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துவிட்டு, "திரு முனுசாமி, கடிதத்தோடு வாருங்கள்" என்றார். அப்பாவுக்கு அவ்வளவு மரியாதையை ஊரில் எந்த அலுவலகத்திலும் யாரும் கொடுத்ததில்லை.

5

எங்கள் வீட்டுப் பக்கவாட்டில் ஒரு கழனித் தொட்டி இருக்கிறது. மாடு வைத்திருக்கும் வீடு என்பதால் தெருவில் நாலைந்து வீட்டுப் பெண்கள் அரிசி களைந்த தண்ணீர், வடித்த கஞ்சி, காய்த்தோல் எல்லாவற்றையும் அதில் கொண்டுவந்து ஊற்றுவார்கள். மரவள்ளித் தோலும் தழையும் மட்டும் போடக்கூடாது, மாட்டுக்கு ஆகாது. கழனியைச் சாக்கடையில் ஊற்றுகிற பெண்ணை அம்மா ஒரு வாரம் ஜாடையாகவே திட்டுவாள்.

அந்தப் புத்தியோடு ஆய்வகத்துக்கு வந்தவன் நான். இங்கே மாலையானால் மிச்சமானதையெல்லாம் கொன்று குப்பையில் போட வேண்டும். அதுதான் விதி. எனக்கு மனம் வரவில்லை. கடைசி மேசையில் இருந்த பெண் ஒருத்தி எலிச் செல்கள் வளர்ப்பாள். வெள்ளிக்கிழமை அவளுக்கு மிஞ்சுவதைக் கேட்டு வாங்கி, ஒரு குழித்தட்டில் வைத்துத் தீனி போட்டு வளர்த்தேன். எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை. உயிரோடு இருப்பதைக் கொட்டுவானேன் என்றுதான். தட்டின் மேல் தமிழில் 'கழனி' என்று எழுதி வைத்தேன். ரோஹித் அதைப் பார்க்கும்போதெல்லாம், "உன் மாடு எப்போது வரும்?" என்பான்.

அந்த இரண்டு கடிதங்கள் வந்த நாலாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை. அன்றைய சோதனையும் தோற்றது. குழாய்களில் ஓட்டை போடும் புரதமும் எலியின் கத்தரியும் கொஞ்சம் மிச்சமிருந்தன. மாதக்கணக்கில் பாடுபட்டுத் தயாரித்தது. கொட்டப் போன கை நின்றது. பழக்க தோஷம், கழனித் தட்டின் ஆறு குழிகளில் இரண்டுக்கு ஓட்டைப் புரதத்தை மட்டும் விட்டேன், இரண்டுக்குக் கத்தரியை மட்டும், கடைசி இரண்டுக்கு இரண்டையும்.

திங்கள் காலை முதல் நாலு குழிகளில் செல்கள் கொழுகொழுவென்று இருந்தன. கடைசி இரண்டில் எல்லாம் சாவு.

"தொட்டியும் போச்சா?" என்றான் ரோஹித்.

எனக்கும் முதலில் ஏதோ கிருமி விழுந்துவிட்டது என்றுதான் பட்டது. என் கைமேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. குனிந்து நன்றாகப் பார்த்தேன். சுருங்கி, கொப்புளித்து, துண்டு துண்டாகப் பிரிந்து, பாடப் புத்தகத்தில் படம் போடும்படி ஒழுங்காகச் செத்திருந்தன. கத்தரி மட்டும் போனால் சாவில்லை. ஓட்டை மட்டும் போட்டால் சாவில்லை. இரண்டும் சேர்ந்தால் சாவு. அப்படியென்றால் என் கத்தரி இந்த மூன்று மாதமும் கூர்மையாகத்தான் இருந்திருக்கிறது. எலிச் செல்லை வெட்டுகிறது, மனிதச் செல்லைக் கண்டால் சும்மா இருக்கிறது.

பிறகு பொறுமையாகப் பிரித்துப் பார்த்ததில் காரணம் புரிந்தது. மனிதனின் கத்தரி உள்ளே போனதும் முதலில் ஒரு தூதுப் புரதத்தை வெட்டும். அது ஓடிப்போய் செல்லின் சக்திக் கூடத்தில் சேதி சொல்லும், அங்கிருந்து சாவு கிளம்பும். எலியின் கத்தரி அந்தத் தூதனைச் சட்டையே செய்வதில்லை. அதன் வெட்டு விழும் இடங்கள் வேறு. ஒரே குடும்பத்து நொதி, ஒரே பெயர், ஒரே வேலை. வழி மட்டும் இனத்துக்கு இனம் மாறியிருக்கிறது. எலி கோடானுகோடி தலைமுறையாக எலிக்கு வரும் கிருமிகளோடு மல்லுக்கட்டித் தீட்டிய கத்தரி அது. மனிதச் செல்லுக்குள் கொண்டுபோய் விட்டுவிட்டு ஏன் வெட்டவில்லை என்று கேட்டால் அது என்ன செய்யும்.

இதை வைத்து இடஒதுக்கீட்டைப் பற்றி ஒரு நல்ல மேடைப் பேச்சு பேசலாம் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. நொதி பாவம், அதன் தலையில் இத்தனை பாரம் ஏற்ற வேண்டாம்.

6

பேராசிரியை நம்பவில்லை. மறுபடி ஒரு முறை செய்து பார்க்க வேண்டும், ஆனால் அதை ரோஹித் செய்யட்டும் என்றார். அது நியாயம்தான், இன்னொருவர் கையில் வந்தால்தான் அறிவியல். ஆனாலும் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ரோஹித் என் கத்தரியை முதலில் எலிச் செல்களுக்குள் விட்டான், செத்தன. பிறகு அதையே தன் மனிதச் செல்களுக்குள், தன் ராசியான கையால் விட்டான். நாலு மணி நேரம் ஆயிற்று. எட்டு மணி நேரம் ஆயிற்று. மறுநாள் காலை நுண்ணோக்கியிலிருந்து முகத்தை எடுக்காமலே நின்றான்.

"சாகவில்லை" என்றான்.

"மனசைத் தளரவிடாதே" என்றேன். "சிலருக்குக் கை வராது."

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவனுக்கு அது எங்கேயோ கேட்ட குரலாகப் பட்டது. காது சிவந்தது. பிறகு சிரித்துவிட்டான்.

நான் இழுப்பறையைத் திறந்து மனுவை எடுத்துக் கொடுத்தேன். "இதில் என்னால் கையெழுத்துப் போட முடியாது ரோஹித். நான் அந்த வழியாக வந்தவன்."

அவன் தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "முதலிலேயே சொல்லியிருக்கலாமே."

"நீயும் கேட்டிருக்கலாமே."

அவன் கருத்து மாறிவிட்டது என்று நான் எழுதினால் அது பொய். இன்றைக்கும் மதிய உணவில் வாதாடுகிறோம், பருப்பு ஆறிவிடுகிறது. ஆனால் அன்று மாலை அவன் மிச்சச் செல்களைக் குப்பைக்கு எடுத்துப் போகிறவன் பாதியில் நின்று, "இதை உன் மாட்டுத் தொட்டியில் ஊற்றலாமா?" என்று கேட்டான்.

"மனிதச் செல்லுக்குத் தனித் தட்டு" என்றேன். அம்மாவும் மரவள்ளித் தோலுக்கு இப்படித்தான் கறாராக இருப்பாள்.

ஒன்றையும் மறைக்கக்கூடாது. இதே சேதியை வேறு சிலரும் வேறு இடங்களில் கண்டுபிடித்து எழுதத் தொடங்கியிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. நான் உலகத்தில் முதல் ஆள் இல்லை. எங்கள் வீட்டில் முதல் ஆள், அவ்வளவுதான். பேராசிரியைக்கு அது போதுமாக இருந்தது. திரு முனுசாமிக்கு இரண்டு வருட நீட்டிப்புக் கடிதம் கொடுத்தார். வெள்ளிக்கிழமை அயல்நாட்டார் அலுவலகத்தில் அந்த அம்மாளுக்கு ஒவ்வொரு வாக்கியத்திலும் இரட்டை மரியாதை வைத்துப் பேசினேன். கடவுச்சீட்டில் புது அனுமதியை ஒட்டித் தந்தார்.

7

அடுத்த ஞாயிறு. பத்து மணி.

"இன்னாப்பா, எலி செத்துச்சா?"

"செத்துச்சும்மா."

உரக்கடையே ஓவென்றது. யாரோ விசில் அடித்தார்கள். "தம்பி, இன்னா மருந்துங்க வச்சீங்க?" என்றார் பாய்.

எலியின் சரக்கு எலியைக் கொல்கிறது, மனிதனைக் கொல்வதில்லை, அதைத்தான் கண்டுபிடித்தேன் என்று முடிந்தவரை எளிமையாகச் சொன்னேன்.

அம்மா யோசித்தாள். "மரவள்ளித் தழைய ஆடு தின்னா சாவுது. எலி கெழங்கையே கொடஞ்சி தின்னுட்டு திமுதிமுன்னு ஓடுது. இத சொல்றதுக்கா மூணு வருசம்?"

கடை மறுபடி சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் கடவுச்சீட்டு இருந்தது. இரண்டு வருடம் கிடைத்த சேதியை எப்படி ஆரம்பிப்பது என்று வாக்கியம் கூட்டிக்கொண்டிருந்தேன். அதற்குள் அம்மா கேட்டாள்.

"அப்ப வேல முடிஞ்சிது இல்ல. எப்ப வூட்டுக்கு வர?"

எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் அந்த வெயிலில் நின்று, பஸ் ஏறி, மூட்டை மேல் உட்கார்ந்து செத்துச்சா செத்துச்சா என்று கேட்டாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் இங்கேயே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அது சாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டது நான் திரும்பி வருவதற்காக.

ஒலிபெருக்கியில் தராசுத் தட்டு ஒன்று ஆடி நிற்கும் சத்தம் கேட்டது.

"இன்னொரு எலி குடுத்துருக்காங்கம்மா" என்றேன்.

"இன்னொண்ணா?"

"ஆமாம்மா."

"அது எத்தினி நாளுக்கு?"

"ரெண்டு வருசம்."

"பெரிய எலியா இருக்கும் போல" என்றாள். பாய் ஒலிபெருக்கிப் பொத்தானை மறுபடி அமுக்கி நிறுத்தியிருக்க வேண்டும். கடைச் சத்தம் சட்டென்று அறுந்து, அம்மாவின் மூச்சு மட்டும் என் காதுக்குப் பக்கத்தில் வந்தது. "சரி வுடு. இத ஒண்ணும் அவசரப்பட்டு அடிக்காத. பாத்து அடி. வேளைக்கி சாப்புடு. பஸ்ஸு வந்துடும், வச்சிடட்டா?"

மூன்று வருடத்தில் அன்றைக்குத்தான் அம்மா கத்தாமல் பேசினாள். எனக்கு நன்றாகவே கேட்டது.